துடிக்கும் இதயமும் நின்றுபோன உயிரும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதயத்தைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நான் ஒரேயொரு கேள்விக்கு விடை சொல்ல விரும்புகிறேன். "நெஞ்சு துடிக்கிறது, கை சூடாக இருக்கிறது, எப்படி டொக்டர் இறந்துவிட்டாள் என்கிறீர்கள்?" அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தாய்மார் எங்களிடம் கேட்பது இது. நியாயமான கேள்வி. அதன் விடை ஒரு தனிக் கலத்தில் தொடங்குகிறது.

கோழிக் கருவின் இதயத்திலிருந்து ஒரு தசைக் கலத்தைப் பிரித்து, ஏற்ற திரவத்தில் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், அது தன்பாட்டில் துடிக்கும். வேறு வேகத்தில் துடிக்கும் இன்னொரு கலம் அதைத் தொட்டுக்கொண்டால், சிறிது நேரத்தில் இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். மனிதக் கருவிலும் ஏறத்தாழ 22ஆம் நாளில், மூளை உருப்பெறுமுன்பே, இதயம் துடிக்கத் தொடங்குகிறது.

வளர்ந்த இதயத்தில் தாளத்தைத் தொடக்கிவைப்பது வலது சோணையறையின் மேற்பகுதியில் உள்ள ஒரு சிறு கலத்தொகுதி. 1907இல் ஆதர் கீத், மார்ட்டின் பிளாக் என்ற இருவர் அதை அடையாளம் கண்டனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை அங்கிருந்து மின்கணத்தாக்கம் புறப்படுகிறது. பரீட்சை மண்டபத்தில் நெஞ்சு படபடப்பது நரம்புகளின் வேலை. அவை வேகத்தைக் கூட்டும், குறைக்கும். துடிப்பைத் தருவது இதயமே.

சுவாசம் அப்படியல்ல. ஒவ்வொரு மூச்சுக்கும் மூளைத்தண்டின் கட்டளை வேண்டும். மூளைத்தண்டு இறந்தால் மூச்சு நின்றுவிடும். ஒட்சிசன் கிடைக்காமல் சில நிமிடங்களில் இதயமும் நிற்கும். ஆனால் செயற்கைச் சுவாசக் கருவி ஒட்சிசனைக் கொடுத்துக்கொண்டிருந்தால், மூளை முற்றாக இறந்த பின்னரும் இதயம் மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் துடிக்கும். அந்தத் தாய் காண்பது இதைத்தான். இது கோமா அல்ல. கோமாவில் மூளை உயிரோடு இருக்கிறது, மீள இடமுண்டு. மூளைச்சாவில் கண்மணி ஒளிக்குச் சுருங்காது, தொண்டையைத் தொட்டால் இருமல் வராது. கருவியை நிறுத்தி, குருதியில் காபனீரொட்சைட்டு உயர விட்டுப் பார்த்தாலும் ஒரு மூச்சுக்கூட எழாது. உறுப்பு மாற்றுக் குழுவைச் சேராத வைத்தியர்கள் இவற்றைத் திரும்பவும் சோதித்த பின்னரே முடிவு சொல்கிறார்கள்.

1967 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் 25 வயது டெனிஸ் டார்வாலும் அவரது தாயும் வீதியைக் கடக்கையில் கார் மோதியது. தாய் அவ்விடத்திலேயே இறந்தார். மகளுக்கு மூளை மீளமுடியாத நிலை. தந்தையிடம் கேட்டபோது நான்கு நிமிடம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். டிசம்பர் 3ஆம் திகதி கிறிஸ்டியான் பர்னாட் அந்த இதயத்தை லூயிஸ் வொஷ்கான்ஸ்கி என்பவருக்குப் பொருத்தினார். நிறவெறிச் சட்டங்கள் மக்களைப் பிரித்து வைத்திருந்த அந்நாட்டில், டெனிஸின் சிறுநீரகம் வெள்ளையரல்லாத பத்து வயதுச் சிறுவனுக்குப் போனது. வொஷ்கான்ஸ்கி 18 நாட்களில் நிமோனியாவால் இறந்தார். உடல் புதிய இதயத்தை நிராகரிக்காதிருக்கக் கொடுத்த மருந்துகள் நோயெதிர்ப்பையும் அடக்கியிருந்தன. 1980களில் சைக்ளோஸ்போரின் வந்த பின்னரே இச்சிகிச்சை நிலைபெற்றது.

மாற்றிப் பொருத்தும்போது நரம்புகள் வெட்டப்படுகின்றன. ஆனாலும் குருதி பாய்ந்ததும் இதயம் துடிக்கிறது, ஓய்விலும் சற்று வேகமாக. கொடுத்தவரின் பாசமோ நினைவோ அதனுடன் வருவதில்லை. அவை இருந்த இடம் மூளை.

மாரடைப்பில் இறந்த தசை ஈரலைப்போல மீள வளர்வதில்லை, தழும்பாகிவிடும். முற்றாகப் பழுதடைந்த இதயத்துக்கு இன்னொருவரின் இதயமே சிறந்த மாற்று. வெளியே எடுத்துக் குளிரில் வைத்தால் ஏறத்தாழ நான்கு மணிநேரந்தான் அது தாங்கும்.

எங்கள் நாட்டில் இதற்கான சட்டம் 1987இலேயே வந்துவிட்டது. முதலாவது இதயமாற்றுச் சத்திரசிகிச்சை 2017இல் கண்டியில் நடந்தது. 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கத்தின் மூலம் உலகுக்கே கண் கொடுத்தவர்கள் நாங்கள். ஆனால் கண்ணை இதயம் நின்றபின் எடுக்கலாம். இதயத்தையோ பெரும்பாலும் துடிக்கும்போதே எடுக்கிறார்கள். உறவினர் தயங்குவது இங்குதான். அந்தத் தயக்கத்தில் அன்புதான் இருக்கிறது, அதை நான் குறைசொல்லமாட்டேன்.

அந்த வாசலில் நிற்பவர்களை வதைப்பது ஒரே எண்ணம்: "பிள்ளை என்ன விரும்பியிருப்பாள்?" அதற்கு விடை தெரிந்த குடும்பம் அழுதுகொண்டே என்றாலும் தெளிவாக முடிவெடுக்கிறது. தெரியாத குடும்பம் முடிவெடுத்த பின்னும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே தங்கைமாரே, இன்று இரவு சாப்பாட்டு மேசையில் அம்மா அப்பாவோடு இதைப் பேசுங்கள். அக்காமாரே, உங்கள் பிள்ளைகளோடு பேசுங்கள். "வேண்டாம்" என்பதும் மதிக்கவேண்டிய விடையே. எதுவானாலும் வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். டெனிஸின் தந்தைக்கு நான்கு நிமிடம் இருந்தது. உங்களுக்கு இன்று நேரம் இருக்கிறது.