சுளுக்குக்கு யார் கணக்கு வைப்பது?

(கள்ளக்குறிச்சியில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

2024 சூனில் கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவு அறுபதைத் தாண்டிய பிறகுதான், கல்வராயன் மலை சனங்களோட அடிப்படை வசதி என்னாச்சுன்னு உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டது. செத்தால்தான் நம்ம உடம்பு கணக்குக்கு வருது. சாகாத நோவுக்குக் கணக்கே இல்ல. நான் அந்தக் கணக்கைக் கேட்கிறேன்.

கரும்பு வெட்டுறவங்க, மலைச்சரிவில் புளியும் கடுக்காயும் சுமந்து இறங்குற பெண்கள் - இவங்க முதலே கால்தான். கணுக்கால் பிசகினால் மருந்துச் செலவு கொஞ்சம்தான்: ஒரு கிரேப் பேண்டேஜ், நாலு பாராசிட்டமால் மாத்திரை, குளிர்ந்த ஒத்தடம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடியும். 'எக்ஸ்ரே எடுத்துட்டு வா'ன்னு கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினா? அடிபட்டவர் கூலி, தாங்கிப் பிடிச்சுக் கூட்டிப்போறவர் கூலி, பஸ் காசு. அதனாலேயே சுளுக்கு வழிச்சுக்கிட்டு, வீங்கின காலோட வேலைக்கு இறங்குறாங்க. எலும்பு முறிஞ்சிருந்தா கோணலாக் கூடிடலாம். முறியாட்டாலும் மூட்டைப் பிடிச்சிருக்கிற நார் தளர்ந்து, கால் திரும்பத் திரும்பப் பிசகும்.

எல்லாருக்கும் எக்ஸ்ரே தேவையில்ல. 1992இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் ஒரு விதி வகுத்தார்கள். கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கிற எலும்பின் பின்விளிம்பு, நுனி, நடுப்பாதத்தின் இரு ஓரத்து எலும்பு - இவற்றை அழுத்தினால் வலியில்லை, நாலு எட்டு வைக்கவும் முடியுது என்றால் எக்ஸ்ரே வேண்டாம். மரத்துப்போன காலுக்கும் சின்னக் குழந்தைக்கும் இது பொருந்தாது. மற்றவர்களுக்கு விரல் போதும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்க்கலாம். சுமார் மூன்றில் ஒரு எக்ஸ்ரே இதனால் மிச்சமானது.

2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் என்ன சொன்னது? வேலையில் அடிபட்டால் இலவச சிகிச்சை. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூலியில் பாதிக்குக் குறையாத படி. சுளுக்குக்கு யார் கட்டில் தருவாங்க? திண்ணையில் காலை நீட்டிக் கிடக்கிற நாளுக்குச் சைபர்தான். ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாம உழைச்ச காலம் மலையில் 1976இல் முடிஞ்சது என்கிறார்கள். உழைச்சதில் பிசகின காலுக்குக் கூலியில்லாத காலம் முடியல.

நாம் கேட்பது மூணு. துணை சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் பேண்டேஜும் பயிற்சி பெற்ற செவிலியரும். எக்ஸ்ரேவுக்கு அனுப்பினால் போக, வர வண்டி. கட்டிலில் படுக்காத ஓய்வு நாளுக்கும் படி.

மாணவர்களே, அவங்கவங்க காலனியில், மலைக்கிராமத்தில் சுளுக்கால் போன கூலி நாட்களை வீடு வீடா எண்ணி எழுதிட்டு வாங்க. அந்த எண்ணோட கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்.