இலச்சினையில் வாழும் இறந்த மொழி

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'ஆட்சி மாற்றமும் அரசிலச்சினையும்' என்னும் பொருளில் பேசப் பணித்துள்ளீர்கள். வில்லும் புலியும் கயலும் பொறித்த மூவேந்தர் மரபை அறிந்த நமக்கு இலச்சினை புதிதன்று. ஆள்வோர் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ள விழைகின்றனர் என்பதை அது உரைக்கும். யாரைக் காட்ட விழையவில்லை என்பதையும் அது உரைக்கும். இதற்குத் தென்னாப்பிரிக்காவைச் சான்றாகக் கொள்கிறேன்.

1910ஆம் ஆண்டில் நான்கு குடியேற்றப் பகுதிகள் இணைந்து தென்னாப்பிரிக்க ஒன்றியம் ஆயின. அவ்வாண்டே ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதற்கு ஓர் இலச்சினை வழங்கினார். கேடயம் நான்காகப் பகுக்கப்பட்டிருந்தது. நங்கூரம் பற்றிய பெண்ணுருவம் கேப் பகுதியையும், ஓடும் காட்டு விலங்குகள் இரண்டு நேட்டாலையும், ஆரஞ்சு மரம் ஆரஞ்சு ஆற்றுப் பகுதியையும், போயர்கள் பயணம் செய்த கூண்டுவண்டி டிரான்சுவாலையும் குறித்தன. கீழே, ஒற்றுமையிலிருந்தே வலிமை என்னும் பொருள்பட ஓர் இலத்தீன் தொடர்.

யாருடைய ஒற்றுமை அது? 1902இல் முடிவுற்ற போருக்குப் பின் ஆங்கிலேயரும் போயர்களும் கைகோத்த ஒற்றுமை. பெரும்பான்மையினராகிய கறுப்பின மக்களைக் குறிக்கும் உருவம் ஒன்றுகூட அக்கேடயத்தில் இல்லை. 1913இல் வந்த நிலச்சட்டம் அம்மக்களின் நில உரிமையை நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குள் ஒடுக்கியது. கேடயத்தில் இடம் பெறாதவர்க்கு மண்ணிலும் இடம் சுருங்கிற்று.

1994 ஏப்ரல் 27 அன்று அனைத்து இனத்தவரும் முதல் தேர்தலில் வாக்களித்தனர். அன்றே புதிய கொடி ஏறியது. 1997இல் நாட்டுப்பண் ஒருங்கிணைந்த வடிவம் பெற்றது. இலச்சினை மட்டும் மாறவில்லை. நெல்சன் மண்டேலா 1999இல் பதவிக்காலம் நிறைந்து விலகும்வரை, அவரது அரசின் இலச்சினையாக விளங்கியது அந்தப் பழைய கேடயமே. தாபோ உம்பெக்கி குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2000 ஏப்ரல் 27 அன்றுதான் புதிய இலச்சினை வெளியிடப்பட்டது. ஆட்சி ஒரு தேர்தலில் கைமாறிவிடும். அரசு தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம் அத்துணை விரைவில் மாறுவதில்லை.

இயான் பெக்கர் வடிவமைத்த புதிய இலச்சினையில் உதிக்கும் ஞாயிறு உண்டு. சிறகு விரித்த பறவை உண்டு. புரோட்டியா மலரும், யானைத் தந்தங்களும், கோதுமைக் கதிர்களும் உண்டு. ஈட்டியும் தடியும் கிடையாக வைக்கப்பட்டுள்ளன. படைக்கலம் கிடத்தல் அமைதியின் குறி. நடுவே மனித உருவங்கள் இரண்டு எதிரெதிர் நின்று ஒன்றையொன்று வரவேற்கின்றன. இவ்வுருவம், கேப் டவுன் அருங்காட்சியகத்தில் உள்ள 'லிண்டன் கல்' என்னும் பாறை ஓவியத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதை வரைந்தோர் அந்நிலத்தின் தொல்குடிகளாகிய சான் மக்கள்.

அடியில் உள்ள தொடரே என் நெஞ்சைப் பெரிதும் ஈர்த்தது. அது 'ஃகம்' என்னும் சான் மொழியில் அமைந்தது. நம் எழுத்தில் ஒருவாறு 'கே ஏ ஃகர்ரா கே' எனலாம். நாவைச் சொடுக்கி எழுப்பும் அதன் ஒலிகளை ஏந்தும் எழுத்து நம்மிடம் இல்லை. வேறுபட்ட மக்கள் ஒன்றுகூடுக என்பது அதன் கருத்து. உம்பெக்கியின் வேண்டுகோளுக்கிணங்க அதனை ஆக்கித் தந்தவர் பாறை ஓவிய அறிஞர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ். அது சரியென்றோ பிழையென்றோ சொல்ல அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஒருவரும் இல்லை. குடியேறியோர் நிலத்தைப் பற்றினர், வேட்டைக்குரிய விலங்குகள் அருகின, மக்கள் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் பண்ணை வேலைக்குச் சென்று பிறமொழி பேசினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஃகம் வழக்கொழிந்தது.

எனினும் அதன் சொற்கள் எஞ்சியது எவ்வாறு? 1870களில் வில்ஹெல்ம் பிளீக் என்னும் செருமானிய மொழியறிஞரும் அவர் மைத்துனி லூசி லாய்டும், கேப் டவுன் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட ஃகம் மக்கள் சிலரைத் தம் இல்லத்தில் தங்கவைத்து, அவர்தம் மொழியையும் கதைகளையும் எழுதிக்கொண்டனர். அவர்களுள் கப்போ என்னும் முதியவர், தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் தங்கிக் கதைகள் சொன்னார். தம் மக்களின் கதைகள் நூல் வழியே பிறரை எட்டும் என்னும் எண்ணம் அவருக்கு மகிழ்ச்சி தந்ததாக லாய்டு குறித்துள்ளார். அங்ஙனம் திரண்ட ஏடுகள் ஏறத்தாழ 12,000 பக்கங்கள். யுனெஸ்கோ 1997இல் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இறந்த மொழியைத் தேர்ந்தது ஓர் எளிய தந்திரம் என்று கூறலாம். அன்றைய அலுவல் மொழிகள் பதினொன்று; ஒன்றை எடுத்தால் பத்து மொழியினர் வருந்துவர்; யாரும் பேசாத மொழியால் யார்க்கும் வருத்தமில்லை. இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் நான் அதனை முழுதும் ஏற்கவில்லை. வென்றோர் தம் பெருமையைப் பொறிப்பதே இலச்சினையின் வழக்கம். இங்கோ அழிக்கப்பட்டோரின் சொல் அரசின் முத்திரையில் ஏறியுள்ளது. ஓர் அரசு தன் ஆவணந்தோறும் ஓர் இழப்பை ஒப்புக்கொள்வது சிறிய செயலன்று.

ஆனால் ஒப்புக்கொள்ளுதல் கடனின் தொடக்கமே. ஃகம் மொழியின் உறவுமொழியாகிய 'நூ', விரல்விட்டு எண்ணத்தக்க முதியோரிடம் மட்டுமே எஞ்சியது. அவருள் ஒருவரான கத்ரீனா ஈசௌ அம்மையார் தம் இல்லத்தில் சிறுவர்க்கு அதைக் கற்பித்தார். 2014இல் அரசு அவர்க்கு உயர் விருது வழங்கியது. இலச்சினை செய்ய இயலாததை அந்த அம்மையாரின் சிறுபள்ளி செய்தது.

இதில் நமக்கும் பங்குண்டு. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். 1996ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டத்தில், சான் மொழிகளை வளர்க்கப் பணிக்கும் அதே பிரிவு, தமிழையும் பெயர்சுட்டிப் போற்றப் பணிக்கிறது. பெருமைதான். ஆயினும் சட்டத்தில் இடம் பெறுதல் ஒன்று. பேரக் குழந்தையின் நாவில் இடம் பெறுதல் வேறொன்று. முன்னதை அரசு தரலாம். பின்னதை இல்லமும் பள்ளியும் இத்தகைய இலக்கிய வட்டங்களுமே தரவேண்டும்.

அப்பணியில் பத்தாண்டு உழைத்த உங்களுக்கு என் வாழ்த்துகள்.