ஓடிப்போனவனுக்குக் கதவு திறந்தவர்கள்

(தில்லியில் இளைஞர் வாசிப்பு வட்டமொன்றில் இளந்தோழர் ஒருவர் இந்தியில் ஆற்றிய உரையின் தமிழாக்கம்)



ஒரு பையன் வீட்டைவிட்டு ஓடிப்போனால் பெரியவர்கள் அதைக் குற்றம் என்கிறார்கள். அவனுடைய வயதினர் வீரம் என்கிறார்கள். இன்று எடுத்துக்கொண்ட நாவலில் ஓடிப்போகிறவர்கள் இருவர். அவர்களில் ஒருவன் ஆசிரியனாகிறான், மற்றவன் திருடனாகிறான். ஏன் இந்த வேறுபாடு என்னும் கேள்வியோடு இந்நாவலை வாசித்தால், மலையடிவார அழகும் நட்பின் இனிமையும் நிறைந்த கதை என்று பெயர்பெற்ற இந்த நூல் வேறொன்றையும் சொல்வது தெரியும்.

நாவலின் பெயர் 'தி ரூம் ஆன் தி ரூஃப்'. மொட்டைமாடி அறை என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் ரஸ்கின் பாண்ட். 1934இல் கசௌலியில் பிறந்தவர். பத்து வயதில் தந்தையை இழந்தவர். சிம்லாவில் விடுதிப் பள்ளியில் படித்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் உறவினர்கள் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே பகலில் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்து, மற்ற நேரத்தில், விட்டுவந்த நாட்டின் நினைவுகளையும் நாட்குறிப்புகளையும் நாவலாக்கினார். எழுதத் தொடங்கியபோது வயது பதினேழு. நூல் 1956இல் லண்டனில் வெளிவந்தது. மறு ஆண்டு இளம் எழுத்தாளர்களுக்கான ஜான் லூவெலின் ரீஸ் பரிசையும் பெற்றது. பதிப்பகத்தார் கொடுத்த 50 பவுன் முன்பணம் அவர் இந்தியா திரும்புவதற்கான கப்பல் கட்டணமாயிற்று. பிழைப்பைத் தேடி இங்கிருந்து அங்கே போகிறவர்களே மிகுதி. அங்கிருந்து இங்கே ஓடிவந்த பையன் ஒருவன் எழுதிய நூல் இது.

கதையின் நாயகன் ரஸ்டி. பதினாறு வயது, பெற்றோர் இல்லை. டேராடூன் நகரின் ஓரத்தில், வெள்ளையர் குடியிருப்பில், ஹாரிசன் என்னும் காப்பாளரின் வீட்டில் வளர்கிறான். வெள்ளையராட்சி போய்விட்டது, ஆனால் அந்தக் குடியிருப்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. வேலியிட்ட தோட்டம், ஒழுங்கான பாதை, பாதிரியார் மனைவியின் உபதேசம், காப்பாளரின் கைப்பிரம்பு: இவையே அதன் உலகம். கடைத்தெருவுக்குப் போகக் கூடாது, இந்தியப் பையன்களோடு பழகக் கூடாது. அதிகாரத்தை இழந்த ஒரு வர்க்கம் தன் பெருமையைக் காத்துக்கொள்ள எஞ்சியிருந்த ஒரே குடிமகன் இந்தச் சிறுவன்தான் என்று தோன்றுகிறது. ஆள்வதற்கு வேறு எவரும் இல்லாததால் இவனை ஆள்கிறார்கள்.

மழை பெய்யும் ஒரு நாளில் சோமி என்னும் பையன் மிதிவண்டியில் வந்து இவனை ஏற்றிக்கொள்கிறான். அவன் வழியாக ரண்பீர் அறிமுகமாகிறான், சாட் கடை அறிமுகமாகிறது. புளியும் மிளகாயும் கண்ணீர் வரவழைக்கும் அந்தக் கடையில் ரஸ்டி முதன்முறையாகத் தன் வயதினரோடு உட்காருகிறான். ஹோலியன்று அவர்களோடு ஆடி, உடம்பெல்லாம் வண்ணத்தோடு வீடு திரும்புகிறான். வெள்ளைத் தோலை வண்ணம் மறைத்துவிட்டது. அதைவிடப் பெரிய குற்றம் அந்த வீட்டில் இல்லை. காப்பாளர் பிரம்பை எடுக்கிறார். வாழ்க்கையில் முதன்முறையாக ரஸ்டி திருப்பி அடிக்கிறான். அன்றிரவே வீட்டைவிட்டு வெளியேறுகிறான்.

பெரும்பாலான வாசகர்கள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். நாவல் கைதட்டி நின்றுவிடவில்லை என்பதே அதன் நேர்மை. அன்றிரவு அவனுக்குப் படுக்க இடமில்லை, கையில் காசில்லை, அன்புகொண்டிருந்த கடைத்தெருவும் இருட்டியதும் கடையடைத்துவிடுகிறது. விடுதலை பெற்றவனின் முதல் இரவு பசியும் குளிரும் நிறைந்த இரவு. மறுநாள் சோமி அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். சோமியின் தாய் கேள்வி எதுவும் கேட்காமல் உணவு பரிமாறுகிறாள். நாவலின் திருப்பம் பிரம்படி விழுந்த இரவில் இல்லை, இந்த உணவில் இருக்கிறது. 1947க்குப் பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து துரத்தப்பட்ட பெருந்தொகையான குடும்பங்கள் குடியேறிய ஊர் டேராடூன் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். வீடிழத்தல் என்றால் என்னவென்று அறிந்த ஊர் அது.

அடுத்து, வேலை. கபூர் என்பவரின் வீட்டில் அவர் மகன் கிஷனுக்கு ஆங்கிலம் கற்றுத்தர வேண்டும். கைம்மாறு, உணவும் மொட்டைமாடியில் ஓர் அறையும். தலைப்பில் இடம்பெற்ற அந்த அறையைக் கவிதையாகவே பலரும் பேசுகிறார்கள். உள்ளபடி பார்த்தால் அது கூலி. அதைப் பெறுவதற்கு ரஸ்டியிடம் ஒரு மூலதனம் இருந்தது: ஆங்கிலம். எந்தக் குடியிருப்பை உதறிவிட்டு ஓடிவந்தானோ அந்தக் குடியிருப்பு கொடுத்த மொழியே அவனுக்குச் சோறு போடுகிறது. காலனியம் அடித்த அடியை உதற முடிந்தது, அது கொடுத்த சலுகையை உதறவில்லை, உதறியிருந்தால் பட்டினி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதினேழு வயது எழுத்தாளர் இதை மறைக்கவும் இல்லை. ஆனால் 'துணிந்தால் எவரும் ஓடலாம்' என்று இந்த நூலிலிருந்து பாடம் எடுப்பவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள்.

அந்தக் கணக்கைச் சரிபார்க்க, நாவலின் தொடக்கத்திலேயே ஒருவன் இருக்கிறான். குடியிருப்பின் வீடுகளைத் துப்புரவு செய்ய நாள்தோறும் கடைத்தெருப் பக்கமிருந்து வரும் சிறுவன். ரஸ்டிக்குத் தடைசெய்யப்பட்ட வேலியை அன்றாடம் கடந்து போய்வருகிறவன் அவன்தான். அவனுக்கு நாவலில் பெயர் இல்லை, தொழிலே பெயர். சாதி விதித்த வேலையிலிருந்து அவன் எங்கே ஓடுவான்? ஓடிப்போன ஊரிலும் அவன் கையில் முதலில் திணிக்கப்படுவது துடைப்பமாகவே இருக்கும். ரஸ்டியின் கதையைச் சொல்ல முடிந்த எழுத்தாளருக்கு இவனுடைய கதையின் வாசலில் நின்று பார்க்க மட்டுமே முடிந்தது. அந்த வயதுக்கு அவ்வளவு பார்த்ததே பெரிது. இருந்தாலும் அந்த வெற்றிடம் கண்ணில் படாமல் போகக் கூடாது.

கிஷனின் தாய் மீனா. குடிகாரக் கணவனையும் குடும்பத்தையும் தாங்கிக்கொண்டிருக்கும் பெண். ரஸ்டிக்கு அவள்மீது காதல் பிறக்கிறது. அவளும் அவனிடம் பரிவும் அன்பும் கொள்கிறாள். இந்தப் பகுதியை விமரிசகர்கள் இளமையின் மயக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். மீனாவின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். ஓடிப்போகும் உரிமை அந்த வீட்டில் எல்லோரையும்விட அவளுக்கே தேவைப்பட்டது. எல்லோரையும்விட அவளுக்கே அது கிடையாது. கணவனோடு தில்லிக்குப் புறப்பட்டவள் வழியில் கார் விபத்தில் இறந்துபோகிறாள். ஆணுக்கு வெளியேறும் வாயில், பெண்ணுக்கு மரணம் என்னும் ஏற்பாடு நம் கதைகளில் இன்னும் தொடர்கிறது. கதைக்கு வெளியே நிலைமை எப்படி? இசைவுள்ள வயதுவந்த இருவர் மணம்புரியக் குடும்பத்தின் ஒப்புதலோ சாதிப் பஞ்சாயத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்று 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அத்தகைய இணையர்க்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பதுபற்றியும் மாநிலங்களுக்கு வழிகாட்டியது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் ஆணவக் கொலைகள் நின்றுவிடவில்லை.

மீனாவின் மரணத்துக்குப் பின் எல்லாம் குலைகிறது. கிஷனை ஹரித்வாரில் உள்ள அத்தையிடம் அனுப்பிவிடுகிறார்கள். நண்பர்களும் ஒவ்வொருவராக வேறு ஊர்களுக்குப் போகிறார்கள். நேற்றுவரை சுதந்திரமாக இருந்த மொட்டைமாடி அறை இன்று சிறையாகிறது. சுவரும் கூரையும் மாறவில்லை. ஆட்கள் போய்விட்டார்கள், அவ்வளவுதான். ரஸ்டி இங்கிலாந்துக்குப் போய்விடலாம் என்று முடிவுசெய்து, விடைபெறுவதற்காக ஹரித்வார் செல்கிறான். அங்கே அவனுக்குத் தெரியவருவது இது: கபூர் மறுமணம் செய்துகொண்டுவிட்டார், கிஷன் அத்தை வீட்டிலிருந்து ஓடிப்போய்த் திருடிப் பிழைக்கிறான்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. கிஷன் ரஸ்டியைவிடக் கெட்டவன் இல்லை, மந்தமானவனும் இல்லை. ரஸ்டி ஓடிய மறுநாள் சோமியும் அவன் தாயும் இருந்தார்கள். கிஷன் ஓடிய மறுநாள் யாரும் இல்லை. ஒருவனை ஆசிரியனாக்கியதும் மற்றவனைத் திருடனாக்கியதும் குணமோ தலையெழுத்தோ அல்ல, அந்த மறுநாள் காலை.

நம் ரயில் நிலையங்களில் அந்த மறுநாள் காலை தினந்தோறும் விடிகிறது. நடைமேடையில் இறங்கி நிற்கும் சிறுவனை முதலில் அணுகுவது யார்? பல நேரங்களில், உணவகத்துக்கோ பட்டறைக்கோ ஆள்பிடிக்கும் தரகன். 1996இல் மும்பையில் தொடங்கிய 1098 தொலைபேசி உதவியும், 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமும் அந்தத் தரகனை முந்துவதற்காக உண்டாக்கப்பட்டவை. கண்டெடுக்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தை நலக் குழுவின்முன் நிறுத்த வேண்டும் என்கிறது சட்டம். குடும்பத்தோடு மீண்டும் சேர்ப்பதை முதன்மை நோக்கமாகக் கொள்கிறது. ஆனால் பெற்றோரோ காப்பாளரோ அதற்குத் தகுதியானவர்தானா என்று ஆராய்ந்த பிறகே ஒப்படைக்க வேண்டும். நடைமுறையில் இந்தப் பின்பாதியே முதலில் மறக்கப்படுகிறது. ரஸ்டி இன்று ஓடியிருந்தால், முகவரியைக் கேட்டறிந்து ஹாரிசனின் கையிலேயே ஒப்படைத்திருப்பார்கள். பிரம்பு அங்கேயேதான் இருக்கும்.

இன்னொன்று. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் 14 வயதுக்குட்பட்டோர் உதவலாம் என்று விலக்கு அளித்தார்கள். வீட்டுக்குள்ளேயே தொழில் நடக்கும் குடும்பத்தில் பள்ளி நேரம் எது, தொழில் நேரம் எது என்று எந்த ஆய்வாளர் வந்து பிரித்துக் காட்டுவார்? குழந்தைகள் எதிலிருந்து ஓடுகிறார்களோ அதற்கே உதவி என்று பெயர் சூட்டியாயிற்று. 'வீட்டுக்குத் திரும்பிப் போ' என்று ஒரு சிறுவனிடம் சொல்லுமுன், எந்த வீட்டுக்கு என்று கேட்கவேண்டியிருக்கிறது.

நாவலின் முடிவில் ரஸ்டி இங்கிலாந்துக்குப் போகவில்லை. கிஷனைக் கண்டுபிடித்து, அவனோடு டேராடூனுக்கே திரும்புகிறான். சோமி தனக்குச் செய்ததை அவன் கிஷனுக்குச் செய்கிறான். வேறு பெருமை எதையும் எழுத்தாளர் அவனுக்குச் சூட்டவில்லை. அவர்களுக்கு வீடு இல்லை, உறுதியான வருமானம் இல்லை, இருவரும் சேர்ந்து இருக்கிறார்கள் என்பது மட்டும் உண்டு. இது போதுமா என்று ஒரு தோழர் இடைமறித்துக் கேட்கிறார். போதாது. இரண்டு சிறுவர்களின் நட்பால் ஓர் ஊரின் பசியைத் தீர்க்க முடியாது என்பது எழுத்தாளருக்கும் தெரிந்திருக்கும். அதனாலோ என்னவோ, அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பின் என்ன ஆனார்கள் என்பதை இந்த நூலில் அவர் எழுதவில்லை. துப்புரவுச் சிறுவனின் பெயரில் தொடங்கும் ஓர் அத்தியாயத்தை இதில் சேர்ப்பதானால் அது எப்படி இருக்கும் என்பதிலிருந்து தோழர்கள் விவாதத்தைத் தொடங்கலாம்.