தேன் பெட்டிக்குள் ஓர் உண்ணி



நம்மில் சிலர் லயத்துக்குப் பின்னால் தேன் பெட்டி வைத்திருக்கிறோம். சம்பளம் பற்றாத மாதத்தில் ஒரு போத்தல் தேன், பிள்ளையின் கொப்பிச் செலவைத் தாங்குகிறது. அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

தேயிலையில் சிவப்புச் சிலந்தி விழுந்தால் இலை செம்பு நிறமாகும். கொழுந்தெடுக்கும் உங்களுக்கு அது தெரியும். அதைப் போன்ற ஓர் உண்ணி தேனீக்கும் உண்டு. பெயர் வரோவா. குண்டூசித் தலையளவு, செம்பழுப்பு நிறம். மூடிய அறைக்குள் வளரும் தேனீக் குஞ்சை உறிஞ்சி அங்கேயே முட்டையிடும். சிறகைச் சுருக்கும் வைரஸையும் பரப்பும்.

நமது நாட்டுத் தேனீயின் இனம் இந்த உண்ணியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது. அதன் கூட்டில் உண்ணி பெரும்பாலும் ஆண் குஞ்சு அறைகளில்தான் பெருகும். வேலைக்காரத் தேனீக்கள் ஒன்றின் உடம்பிலிருந்து மற்றொன்று உண்ணியைப் பிடுங்கி எறியும்.

ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதாது. அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். உண்ணி அதற்குத் தாவி உலகமெல்லாம் பரவியது. 2022 ஜூனில் அவுஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தருகே கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகளை அழித்தும் பலனில்லை. 2023 செப்டம்பரில் ஒழிக்கும் முயற்சியையே கைவிட்டார்கள்.

ஆகவே, கூடுதல் தேன் தரும் என்று சொல்லி யார் வெளிநாட்டுத் தேனீயைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெட்டிக்குள் மருந்து அடிக்காதீர்கள். தேனீ சாகும், தேனிலும் நஞ்சு ஊறும். சிறகு சுருங்கிய தேனீ வாசலில் ஊர்ந்தால் விவசாய உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். பக்கத்துப் பெட்டிக்காரருக்கும் சொல்லுங்கள்.

தனியாக நின்று எந்தத் தேனீயும் பிழைப்பதில்லை. நாமும்தான், தோழர்களே.