காரணம் மறைந்தது, வேலை நிற்கவில்லை

(ஹிரோஷிமா – நாகசாகி நினைவு நாளையொட்டி நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஆகஸ்ட் 6, ஆகஸ்ட் 9 ஆகிய இரு நாள்களையும் உலகெங்கும் சமாதான இயக்கங்கள் நினைவுகூர்கின்றன. இந்நாள்கள் வரும்போதெல்லாம் ஒரு வாதமும் உடன் வருகிறது. அணுகுண்டு கொடியதுதான், ஆயினும் அது போரை முடித்துப் பல லட்சம் உயிர்களைக் காத்தது என்பதே அவ்வாதம். இதற்கு உணர்ச்சியால் மட்டும் விடை கூறிவிட இயலாது. குண்டு எக்காரணத்திற்காகத் தொடங்கப்பட்டது? அக்காரணம் எப்போது மறைந்தது? மறைந்த பின்னும் வேலை ஏன் நிற்கவில்லை? இம்மூன்று வினாக்களையும் நிகழ்ச்சிகளின் கால வரிசையில் வைத்து ஆராய்வது பயன் தரும்.

தொடக்கம்

1938 டிசம்பரில் பெர்லின் நகரில் ஆட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கியபோது அதில் பேரியம் தோன்றக் கண்டனர். நாஜி ஆட்சியின் கொடுமையால் ஜெர்மனியை விட்டு வெளியேறிய லீசா மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஆட்டோ ஃபிரிஷும் அதன் பொருளை விளக்கினர். அணுக்கரு இரண்டாகப் பிளக்கிறது, அப்போது பேராற்றல் வெளிப்படுகிறது என்பதே அவ்விளக்கம். ஹிட்லரின் கையில் இந்த ஆற்றல் சிக்கினால் என்னவாகும் என்ற அச்சம் அகதிகளாக வாழ்ந்த அறிவியலாளர்களை ஆட்டியது. லியோ சிலார்டு முயற்சியெடுத்து உருவாக்கிய கடிதத்தில் ஐன்ஸ்டீன் கையொப்பமிட்டார். 1939 ஆகஸ்ட் 2 என்று நாளிடப்பட்ட அக்கடிதம் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்டைச் சென்றடைந்தது.

அந்த அச்சம் பொய்யானதன்று. பாசிசத்தால் துரத்தப்பட்டவர்கள் பாசிசத்தின் வெற்றியைத் தடுக்க நினைத்தனர். இந்த நேர்மையான தொடக்கத்தை மறந்துவிட்டுப் பேசினால் பின்னர் நடந்தது விளங்காது.

அறியாமல் உழைத்தவர்கள்

1942இல் அமெரிக்க இராணுவம் இவ்வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மன்ஹாட்டன் திட்டம் என்று பெயர் பெற்ற அம்முயற்சிக்கு ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ் தலைமை ஏற்றார். டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் யுரேனியம் பிரித்தெடுக்கப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் புளூட்டோனியம் உண்டாக்கப்பட்டது. நியூ மெக்சிகோவின் லாஸ் அலமாஸில் ஆப்பன்ஹைமரின் தலைமையில் குண்டு வடிவமைக்கப்பட்டது. மொத்தச் செலவு சுமார் 200 கோடி டாலர். வேலை உச்சத்தில் இருந்தபோது சுமார் 1,25,000 பேர் பணியில் இருந்தனர்.

இவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாம் எதைச் செய்கிறோம் என்பதை அறியமாட்டார்கள். ஓக் ரிட்ஜின் பிரிப்பு இயந்திரங்களின் முன்னே பள்ளிப் படிப்பை முடித்த இளம் பெண்கள் அமர்ந்து, முள் காட்டும் அளவைப் பார்த்துக் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தனர். அந்த அளவு எதைக் குறிக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கேட்பதற்கும் அனுமதி இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் வேலைக்குத் தேவையானதை மட்டும் அறிந்தால் போதும் என்பது குரோவ்ஸ் வகுத்த விதி. உழைப்பாளி தான் படைக்கும் பொருளிலிருந்து அந்நியமாக்கப்படுகிறான் என்று மார்க்ஸ் விளக்கிய நிலை இங்கே இராணுவ ஆணையாகவே நடைமுறைக்கு வந்தது.

மூலப்பொருளின் கதையும் வேறன்று. குண்டுக்கான யுரேனியத்தின் பெரும்பகுதி பெல்ஜியத்தின் காலனியாக இருந்த காங்கோவின் கட்டாங்கா பகுதியிலிருந்து வந்தது. ஷின்கொலோப்வே சுரங்கத்தின் தாது அதன் செறிவால் உலகில் நிகரற்றது. ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட தாதுவைச் சுரங்க நிறுவனம் முன்னதாகவே நியூயார்க்குக்குக் கொண்டுசென்று வைத்திருந்தது. அதை வெட்டியெடுத்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்களைப் பற்றி அணுகுண்டின் வரலாற்றைச் சொல்லும் நூல்களில் ஓரிரு வரிகள் காணக் கிடைப்பதே அரிது.

காரணம் மறைந்த வேளை

1944 நவம்பரில் நேச நாட்டுப் படைகள் ஸ்ட்ராஸ்பர்க் நகரைக் கைப்பற்றின. ஜெர்மன் அணு ஆய்வை உளவறியச் சென்ற குழு, அங்கே கிடைத்த ஆவணங்களைப் படித்து, ஜெர்மனியிடம் அணுகுண்டு இல்லை, விரைவில் செய்யும் நிலையிலும் இல்லை என்று முடிவு செய்தது. எந்த அச்சத்தின் பேரில் வேலை தொடங்கியதோ அந்த அச்சம் அத்துடன் நீங்கியிருக்க வேண்டும். அந்த ஆண்டின் இறுதியில் ஒரேயோர் அறிவியலாளர் மட்டும் மனச்சான்றின் பேரில் திட்டத்தை விட்டு விலகினார். அவர் போலந்து நாட்டவரான ஜோசஃப் ராட்பிளாட். பிற்காலத்தில் அணு ஆயுத ஒழிப்புக்கே வாழ்நாளைத் தந்த அவருக்கு 1995இல் நோபல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டது.

ஏனையோர் தங்கிவிட்டதைத் தீய எண்ணம் என்று சொல்லிவிட முடியாது. தம் கணக்கு சரிதானா என்று பார்த்துவிடும் ஆவல் சிலருக்கு. ஜப்பானுடனான போர் விரைவில் முடியும் என்ற நம்பிக்கை சிலருக்கு. விலகினால் எதிர்காலம் என்னாகும் என்ற கவலை சிலருக்கு. இவ்வாறு ராட்பிளாட்டே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

ஆனால் திட்டத்தை நடத்தியவர்களின் கணக்கு தொடக்கத்திலேயே வேறாக இருந்தது. பொறுப்பேற்ற இரண்டு வாரங்களுக்குள்ளாகவே ரஷ்யாதான் எதிரி என்பதில் தமக்கு ஐயம் இருக்கவில்லை என்றும், திட்டம் அந்த அடிப்படையில்தான் நடத்தப்பட்டது என்றும் 1954இல் நடந்த ஆப்பன்ஹைமர் விசாரணையில் குரோவ்ஸ் சாட்சியம் அளித்தார். ஹிட்லரின் படைகளை எதிர்த்துச் சோவியத் மக்கள் குருதி சிந்திக்கொண்டிருந்த நாள்களில் அவர்களுடைய நேச நாட்டின் இராணுவத் தலைமை கொண்டிருந்த கருத்து இது.

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. லாஸ் அலமாஸில் வேலையின் வேகம் கூடியதேயன்றிக் குறையவில்லை.

இலக்கு

1945 மே 31 அன்று போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் தலைமையில் கூடிய இடைக்காலக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பைக் கட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். முன்னெச்சரிக்கை தரக் கூடாது என்று அக்குழு முடிவு செய்தது. மிகப் பொருத்தமான இலக்கு எது என்பதையும் அது வரையறுத்தது. ஏராளமான தொழிலாளர்கள் வேலை செய்யும், தொழிலாளர் வீடுகள் நெருக்கமாகச் சூழ்ந்த, முக்கியமான ஒரு போர்த் தொழிற்சாலையே அந்த இலக்கு. தொழிலாளர் குடியிருப்பு தற்செயலாக அழியவில்லை. அது இலக்கின் இலக்கணத்திலேயே இடம்பெற்றிருந்தது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில் சிகாகோ அறிவியலாளர்கள் எழுவர் ஜூன் 11 அன்று அறிக்கை ஒன்றை அளித்தனர். மக்கள் வாழாத ஓரிடத்தில் குண்டை வெடித்துக் காட்டலாம், எச்சரிக்கையின்றி நகரின்மீது வீசினால் தடுக்க முடியாத ஆயுதப் போட்டி மூளும் என்று அது கூறியது. 1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் தன் முதல் அணு வெடிப்பை நடத்தியபோது அக்கணிப்பு மெய்யாயிற்று. ஜூலை 17 அன்று சிலார்டு உள்ளிட்ட எழுபது பேர் கையொப்பமிட்ட மனு புதிய ஜனாதிபதி ட்ரூமனுக்கு எழுதப்பட்டது. இராணுவத்தின் கைகளைக் கடந்து அது அவரிடம் போய்ச் சேரவில்லை. 1939இல் குண்டு செய்யச் சொன்னபோது சிலார்டின் குரலுக்குச் செவி சாய்த்த அரசு, வீச வேண்டாம் என்றபோது செவி கொடுக்கவில்லை.

ஜூலை 16 அதிகாலையில் நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் முதல் குண்டு சோதிக்கப்பட்டது. ஜூலை 25 அன்று குண்டு வீசும் ஆணை பிறந்தது. ஜப்பானைச் சரணடையக் கோரும் பாட்ஸ்டம் பிரகடனம் வெளிவந்தது ஜூலை 26 அன்று. ஜப்பானின் பதிலுக்கு முன்பே ஆணை தயாராக இருந்தது.

போரை முடித்தது எது?

ஜப்பானிய இராணுவவாதம் சீனத்திலும் கொரியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இழைத்த கொடுமைகளை எந்தக் கம்யூனிஸ்டும் மறக்கமாட்டார். அக்கொடுமைகளுக்குப் பொறுப்பானவர்கள் டோக்கியோவின் போர்க் குழுவில் அமர்ந்திருந்தனர். ஹிரோஷிமாவில் ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு, தீ பரவாதிருக்க வீடுகளை இடித்துக்கொண்டிருந்த பள்ளி மாணவர்கள் அவற்றுக்குப் பொறுப்பல்லர். அவ்வேலைக்கென அன்று தெருவில் நிறுத்தப்பட்டிருந்த சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கில் மாண்டனர்.

1945 ஜூலையிலேயே ஜப்பானிய அரசு சோவியத் ஒன்றியத்தின் வழியே சமரசம் நாடி மாஸ்கோத் தூதருக்குச் செய்திகள் அனுப்பியது. அவற்றை அமெரிக்கா இடைமறித்துப் படித்துக்கொண்டிருந்தது. ஐரோப்பியப் போர் முடிந்த இரண்டு, மூன்று மாதங்களில் ஜப்பான்மீது போர் தொடுப்பதாக யால்டாவில் சோவியத் ஒன்றியம் உறுதியளித்திருந்தது. ஆகஸ்ட் 8 அன்று அது அவ்வாறே போர்ப் பிரகடனம் செய்தது. மறுநாள் டோக்கியோவில் உயர் போர்க் குழு கூடியிருந்தபோதுதான் நாகசாகிச் செய்தி வந்தது. அமெரிக்கப் படையிறக்கத்துக்குக் குறிக்கப்பட்டிருந்த நாளோ நவம்பர் 1.

ஜப்பானின் முடிவில் எது எவ்வளவு வலிமையாகச் செயல்பட்டது என்பது குறித்து வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஆயினும் குண்டும் இல்லாமல், சோவியத் போர்ப் பிரகடனமும் இல்லாமல், படையிறக்கமும் இல்லாமல், 1945 முடிவதற்குள் ஜப்பான் சரணடைந்திருக்கும் என்று 1946இல் அறிவித்தது அமெரிக்க அரசின் சொந்தக் குண்டுவீச்சு ஆய்வுக் குழுவே. இது மனிதநேயமற்ற ஆயுதம், போருக்கு உதவவில்லை என்று எழுதியவர் ட்ரூமனின் படைத்துறைத் தலைமை ஆலோசகரான அட்மிரல் லீஹி. பத்து லட்சம் அமெரிக்கர் உயிரிழப்பையும் காயத்தையும் தவிர்த்தது குண்டு என்ற வாதம் ஸ்டிம்சனின் பெயரில் அச்சேறியது 1947 பிப்ரவரியில். செயலுக்கு ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின் வந்த நியாயம் அது.

மறைக்கப்பட்ட காயம்

1945 இறுதிக்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேரும் நாகசாகியில் சுமார் 70,000 பேரும் மாண்டனர். இவர்களுள் பல்லாயிரவர் கொரியர்கள். அவர்களில் பலர் கட்டாய உழைப்புக்கெனக் கொண்டுவரப்பட்டவர்கள். ஜப்பானின் காலனி ஆதிக்கம் அவர்களை அங்கே நிறுத்தியது, அமெரிக்கக் குண்டு கொன்றது.

காயமே இல்லாதவர்களும் ஹிரோஷிமாவில் இறந்துகொண்டிருப்பதை வில்ஃபிரட் பர்ச்செட் என்னும் பத்திரிகையாளர் நேரில் கண்டு 1945 செப்டம்பரில் உலகுக்கு அறிவித்தார். ஆக்கிரமிப்பு அதிகாரிகள் உடனே மறுத்தனர். பின்னர் தணிக்கை வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் தம் துயரை எழுதவும் முடியாமற்போயிற்று. 1947இல் அமெரிக்கா நிறுவிய ஆய்வு ஆணையம் அவர்களுடைய உடல்களைப் பரிசோதித்தது, அளந்தது, பதிவு செய்தது. சிகிச்சை அளிப்பதைத் தன் பணியாகக் கொள்ளவில்லை. ஜப்பானிய அரசு மருத்துவ உதவிச் சட்டம் இயற்றியது 1957இல்.

அந்தச் சட்டமும் கருணையால் வந்ததன்று. 1954இல் பிக்கினி தீவில் நடந்த நீரக வெடிகுண்டுச் சோதனையின் சாம்பல் ஜப்பானிய மீனவர்கள்மீது விழுந்தது. டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்துப் பெண்கள் கையொப்ப இயக்கம் தொடங்கினர். நாடெங்கும் பரவிய அவ்வியக்கம் மூன்று கோடிக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. அதன் எழுச்சியில்தான் 1956இல் பாதிக்கப்பட்டோரின் சங்கமான நிஹோன் ஹிடாங்கியோ உருவாயிற்று. 2024இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றது அச்சங்கமே.

இன்றைய கடமை

அணு ஆயுதங்களை முற்றாகத் தடை செய்யும் உடன்படிக்கை 2017இல் 122 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறி, 2021 ஜனவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அணு ஆயுதம் வைத்துள்ள ஒன்பது நாடுகளுள் ஒன்றுகூட அதில் இணையவில்லை. இந்தியாவும் அவ்வொன்பதில் ஒன்று. 1998 மே மாதம் பொக்ரானில் வெடிப்புகள் நடத்தப்பட்டபோது நாடாளுமன்றம் முன்கூட்டி விவாதிக்கவில்லை, மக்களிடம் எவரும் கேட்கவில்லை. அம்மாத இறுதியிலேயே பாகிஸ்தானும் வெடித்தது. ஃபிராங்க் அறிக்கை எச்சரித்த போட்டி இந்தத் துணைக்கண்டத்தில் மூன்று வாரங்களுக்குள் அரங்கேறியது.

தோழர்களே, மன்ஹாட்டன் திட்டத்தின் வரலாறு தரும் பாடம் இதுதான். எதற்காகத் தொடங்கினோம் என்று கேட்கும் உரிமை உழைப்பவர்களிடம் இல்லாதபோது, தொடங்கிய காரணம் மறைந்தாலும் வேலை நிற்பதில்லை. அணுத்துறையில் பணிபுரியும் தொழிலாளர்களிடமும் பொறியாளர்களிடமும் தொழிற்சங்கங்கள் இதைப் பேச வேண்டும். கல்லூரி மாணவர்களிடையே, குறிப்பாக அறிவியல் பயிலும் மாணவர்களிடையே, ராட்பிளாட்டின் முடிவு விவாதிக்கப்பட வேண்டும். நாட்டின் அணுக் கொள்கை நாடாளுமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் திறந்த விவாதத்துக்கு வர வேண்டும் என்ற கோரிக்கையை வலுவாக எழுப்ப வேண்டும். தேசபக்தியின் பெயரால் இக்கேள்விகளை வாயடைக்க முயல்வோர் இருப்பார்கள். சுகினாமியின் பெண்கள் வீடு வீடாகச் சென்றுதான் கையொப்பம் திரட்டினார்கள். அந்தப் பொறுமையான வேலையே இங்கும் தேவைப்படுகிறது.