தண்ணீரோரத்தில் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

(தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், சங்க அமைப்பாளரான ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சம்பள விஷயத்தைத் தலைவர் விளக்கமாகப் பேசிவிட்டார். எனக்குத் தந்த நேரத்தில் நான் பாடசாலைச் சுற்றுலாவைப் பற்றிப் பேசப் போகிறேன். தொழிற்சங்கக் கூட்டத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மலையில் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு, குளவி கொட்டினால் யார் பொறுப்பு என்று துரையிடம் கேட்கிறோம். நம் பிள்ளை வெளியூர் போய்த் தண்ணீரில் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்பதும் அதே கேள்விதான்.

இன்னும் சில வாரங்களில் பிள்ளைகள் ஒரு கடிதம் கொண்டுவருவார்கள். இந்தத் திகதி, இந்த இடம், இவ்வளவு பணம், கீழே பெற்றோர் கையெழுத்து. சில கடிதங்களில் கடைசியில் இன்னொரு வரியும் இருக்கும்: ஏதும் நடந்தால் பாடசாலை பொறுப்பேற்காது என்று. நீங்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, அடுப்பை மூட்டிக்கொண்டே, வாசிக்காமல் கையெழுத்துப் போடுவீர்கள். போடாவிட்டால் பிள்ளை அழும், எனக்குத் தெரியும்.

சுற்றுலா வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. தரம் 9 படிக்கும் பிள்ளை ஒன்று திருகோணமலையில் முதன்முதலாகக் கடலைப் பார்த்து வாயடைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அது ஒரு வருடப் பாடத்துக்குச் சமம். பணக்காரப் பிள்ளைகள் பெற்றோருடன் காரில் போவார்கள். நம் பிள்ளைகளுக்குப் பாடசாலையை விட்டால் வேறு யாரும் காட்டப் போவதில்லை.

2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல வீதியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொழும்புப் பாடசாலை ஒன்றின் சுற்றுலா பஸ் மோதியதில் வேனிலும் ஓட்டோவிலும் வந்த ஏழு பேர் போனார்கள். அதற்குப் பிறகு சுற்றுலா என்றதும் பெற்றோர் பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள்: பிரேக் நல்லதா, சாரதி யார், எந்தப் பாதை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் பஸ் நின்ற பிறகு என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பும் திட்டத்தில் பேராதனைப் பூங்கா இருக்கும், சிகிரியா இருக்கும், கோணேஸ்வரம் இருக்கும். குளிப்பது இருக்காது. வழியில் சாரதி, “இங்கே நல்ல இடம் ஒன்று இருக்கு சேர்” என்பார். பிள்ளைகள் கத்துவார்கள். பஸ் நிற்கும். காகிதத்தில் இல்லாத அந்த அரை மணித்தியாலத்துக்குப் பொறுப்பானவர் என்று யாரும் இல்லை.

நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பழக்கம் என்று ஒரு எண்ணம் நமக்கு இருக்கிறது. பழக்கம் எந்தத் தண்ணீர்? பீலிக்கரைத் தண்ணீர். கல்லுக்குக் கல் தாவி ஓடையைக் கடந்து பள்ளிக்கூடம் வருவார்கள். அதனால் தைரியம் வந்திருக்கிறது, நீச்சல் வரவில்லை. எந்தத் தோட்டப் பாடசாலையில் நீச்சல் தடாகம் கண்டீர்கள்? தைரியம் இருந்து நீச்சல் இல்லாத பிள்ளை, அதிலும் கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும் பையன், எல்லோருக்கும் முன்னால் இறங்குவான்.

தண்ணீருக்கு இடத்துக்கு இடம் குணம் வேறு. நம் மலை ஓடையில் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மூன்று மலை தள்ளி மழை கொட்டியிருக்கும். முழங்கால் அளவு தண்ணீர் சில நிமிடங்களில் நெஞ்சுக்கு வரும். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் அந்த நிமிடமே கரையேற வேண்டும். மழைக் காலத்தில் மேல் கொத்மலை வான்கதவு திறந்தால் கொத்மலை ஓயா என்ன செய்யும் என்று தலவாக்கலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூர்ப் பிள்ளைக்குத் தெரியாது. அதேபோல வெளியூர் ஆற்றைப் பற்றி நம் பிள்ளைக்குத் தெரியாது. நீர்வீழ்ச்சியின் அடியில் பாசி பிடித்த பாறை, அதற்குப் பக்கத்தில் ஆழம் தெரியாத குழி. நுரைத்த தண்ணீர் ஆளை மிதக்கவிடாது. காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்களின் கரை சேறு, இரண்டு அடி வைத்தால் மூன்றாவது அடியில் நிலம் இருக்காது.

கடல் இன்னும் ஏமாற்றும். வெள்ளையாக அலை உடையும் இடத்தைப் பார்த்துப் பயப்படுவோம். நடுவில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தில் பிள்ளையை இறக்குவோம். பல நேரம் அந்த இடத்தில்தான் தண்ணீர் கரையிலிருந்து உள்ளே திரும்பி ஓடுகிறது. திருகோணமலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கடல் பொதுவாக அடங்கியிருக்கும், மார்கழியில் கொந்தளிக்கும். காலிப் பக்கம் இதற்கு மாறாக இருக்கும். விடுமுறையைப் பார்த்துத் திகதி போடுகிறவர்கள் கடலையும் பார்த்துப் போட வேண்டும்.

இன்னொன்று. தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருவதுபோலக் கையாட்டிக் கத்தாது. வாய் தண்ணீருக்குள் போய்வருவதால் மூச்சு எடுக்கவே நேரம் போதாது, சத்தம் எங்கிருந்து வரும்? இருபது அடி தள்ளிப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. ஆகவே பார்க்க நிற்பவர் பார்ப்பதை மட்டுமே செய்ய வேண்டும். சோற்றுப் பார்சல் பிரிப்பவரும் படம் எடுப்பவரும் அந்த வேலைக்கு ஆகமாட்டார்கள்.

பொறுப்பு யாருடையது என்பதற்கு வெளிநாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நியூசிலாந்தில் 2008 ஏப்ரல் 15 அன்று, வெளிக்களப் பயிற்சி நிலையம் ஒன்று பாடசாலைப் பிள்ளைகளை மாங்காட்டெபோபோ என்ற மலை ஓடையின் பள்ளத்துக்குள் அனுப்பியது. பத்துப் பிள்ளைகள், ஓர் ஆசிரியர், வேலைக்குப் புதியவரான ஒரு பயிற்றுநர். மழை கொட்டி ஓடை பெருகியது. ஆறு பிள்ளைகளும் ஆசிரியரும் இறந்தார்கள். கனமழை வரும் என்று வானிலை நிலையம் முன்கூட்டியே சொல்லியிருந்தது, அந்தத் தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை. நீதிமன்றம் அந்த இளம் பயிற்றுநரின் தலையில் பழியைக் கட்டிவிட்டு மற்றவர்களை விட்டுவிடவில்லை. அனுப்பிய நிலையத்துக்கு 40,000 டொலர் அபராதம் போட்டு, 480,000 டொலர் இழப்பீடும் கட்டச் சொன்னது. திட்டம் போட்டவர், அனுமதி கொடுத்தவர், வானிலை பார்க்காதவர் என்று மேலே இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு.

நம் ஊரில் நடப்பது நேர்மாறு. நான் ஆசிரியர் உதவியாளராகச் சேர்ந்த காலத்தில் மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவு. சுற்றுலாவில் மூத்தவர்கள் மரநிழலில் உட்கார்ந்துகொண்டு, “நீ போய்ப் பிள்ளைகளைப் பார்” என்று ஆகக் கடைசியாக வந்த ஆளைத்தான் தண்ணீரோரம் அனுப்புவார்கள். அறுபது பிள்ளை, ஒரு ஆள், அந்த ஆளுக்கும் நீச்சல் தெரியாது. ஏதும் நடந்தால் பொலிசில் நிற்கப் போவதும் அந்த ஆள்தான். ஆசிரியரும் தொழிலாளிதான் என்பதை நாம் மறக்கக் கூடாது. அதற்காக ஆசிரியருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை பெற்றோரைப் பிரிந்திருக்கும் நேரத்தில் தாய் தகப்பன் இடத்தில் நிற்பவர் ஆசிரியர். கவனயீனத்தால் உயிர் போனால் தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் அந்தச் சட்டத்தை அழித்துவிடாது. அது பிள்ளையைக் கூட்டிப் போக அனுமதி, அவ்வளவுதான்.

அப்படியானால் நாம் என்ன கேட்பது? பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, போகும் வழியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அங்கே நிற்பவரின் பெயரைக் கேளுங்கள். “ஆசிரியர்கள் பார்ப்பார்கள்” என்பது பதில் அல்ல, பெயர் வேண்டும். ஒருவருக்கு எத்தனை பிள்ளை? நீச்சல் தெரிந்தவர் யார்? கயிறு பஸ்ஸில் இருக்கிறதா? இறங்குமுன் எண்ணுவது யார், ஏறிய பின் எண்ணுவது யார்? பெயர் இல்லை என்றால் பிள்ளைகள் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. டெவனையும் சென்கிளயரையும் வீதியில் நின்றே பார்க்கலாம், அழகு குறையாது.

உதவிக்கு என்று கூடப் போகும் அப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. பஸ்ஸின் பின் ஆசனத்தில் போத்தல் ஓடுவது எல்லோருக்கும் தெரியும். குடிப்பதென்றால் நீங்கள் வராதீர்கள் அண்ணன், உங்கள் இடத்தில் ஒரு அக்கா வரட்டும்.

ஒரு பிள்ளை தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒன்றுக்கு இரண்டு உயிர் போவது அப்படித்தான். கயிறு, நீளக் கம்பு, முறுக்கிய சேலை, மூடி போட்ட வெறும் பிளாஸ்டிக் கேன், எது கிடைத்தாலும் நீட்டுங்கள் அல்லது எறியுங்கள். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் பிழை. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு நெஞ்சை அமுக்க வேண்டும். இன்னொருவர் 1990க்கு அழைக்க வேண்டும். நான்கைந்து நிமிடம் மூச்சு நின்றால் மூளை கெடத் தொடங்கும், நம் பாதைகளில் அம்புலன்ஸ் அதற்குள் வராது. இதைக் கேட்டு மட்டும் பழக முடியாது, கையால் செய்து பழக வேண்டும். ஒரு பயிற்சி நாள் ஒழுங்கு செய்யும்படி தலைவரிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன்.

கமிட்டிக்கு இரண்டு வேண்டுகோள். சந்தாப் பணத்தில் நல்ல கயிறு இரண்டு வாங்கிப் பாடசாலைக்குக் கொடுப்போம். தண்ணீரில் இறங்கக் கூடாது என்று மறுத்த ஆசிரியருக்கு அதிபரிடமிருந்தோ பெற்றோரிடமிருந்தோ தொல்லை வந்தால் சங்கம் அவர் பக்கம் நிற்கட்டும்.

கடிதம் வந்தால் அன்றிரவே கையெழுத்துப் போடாதீர்கள். பொறுப்பில்லை என்ற வரி இருந்தால் அதைப் பேனாவால் வெட்டிவிட்டுப் போடுங்கள். நான் சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை பிரட்டு முடிந்ததும் அவரிடம் வாங்கிக்கொள்ளலாம். வாசிக்கச் சிரமமானவர்கள் பின்னேரம் என் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.