செவ்வாய்க் கல்லுக்கு வைத்த தவறான பெயர்

1984 டிசம்பர் 27. அண்டார்டிகாவின் ஆலன் குன்றுகள் பகுதியில் விண்கல் தேடிக்கொண்டிருந்த அமெரிக்கக் குழுவுக்கு ஒரு கல் கிடைத்தது. எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு ஏஎல்எச் 84001 என்று எண்ணிட்டார்கள். ஒரு சில்லைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, பெரும்பாலும் பைராக்சீன் என்ற கனிமமே தெரிந்தது. வெஸ்டா என்ற குறுங்கோளிலிருந்து பெயர்ந்து வரும் டயோஜெனைட் வகைக் கற்களும் அப்படித்தான் இருக்கும். எனவே இதையும் அந்த இனத்தில் சேர்த்துவிட்டார்கள்.

அது செவ்வாயிலிருந்து வந்த கல் என்று தெரிய 1993 ஆயிற்று.

முதலில் பெயர் வைத்தவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. அண்டார்டிகாவில் பொறுக்கிய விண்கற்கள் பல்லாயிரம். அத்தனைக்கும் நுட்பமான சோதனை நடத்திக் கட்டுப்படியாகாது.

ஹூஸ்டனில் டேவிட் மிட்டில்ஃபெல்ட் ஆராய்ந்துகொண்டிருந்தது டயோஜெனைட்களைத்தான். கனிமத்தின் ஒரு புள்ளியில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் அங்கிருந்து எக்ஸ் கதிர்கள் கிளம்பும். எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அவை காட்டிக்கொடுக்கும். இந்தக் கல்லில் இரண்டு விஷயங்கள் உதைத்தன. குரோமைட் மணிகளில், துருவில் இருப்பது போன்ற ஆக்சிஜனேற்றம் மிகுந்த இரும்பு இருந்தது. வெஸ்டாவின் பாறைகளோ ஆக்சிஜன் வறண்ட சூழலில் உறைந்தவை. அடுத்தது கந்தகம். டயோஜெனைட்டில் ஓர் இரும்பு அணுவுக்கு ஏறக்குறைய ஒரு கந்தக அணுதான் சேர்ந்திருக்கும். இதில் இரண்டு. அதாவது, பைரைட்.

சந்தேகத்தைத் தீர்த்தது ஆக்சிஜன். அதில் 16, 17, 18 என மூன்று எடைகளில் அணுக்கள் உண்டு. பாறை உருகினாலும் உறைந்தாலும் 17-உம் 18-உம் குறிப்பிட்ட ஒரு விகிதத்திலேயே கூடும், குறையும். அதனால் ஒரே கோளின் கற்களை வரைபடத்தில் குறித்தால் ஒரே கோட்டில் விழும். பூமியின் கோட்டுக்கு மேலே, ஆயிரத்தில் சுமார் 0.3 பங்கு தள்ளிச் செவ்வாய்க் கற்கள். கீழே ஏறக்குறைய 0.25 பங்கு தள்ளி வெஸ்டா கற்கள். ஏஎல்எச் 84001 மேல்கோட்டில் விழுந்தது.

அந்த மேல்கோடு செவ்வாயுடையதுதான் என்பதற்கு என்ன சாட்சி? அண்டார்டிகாவில் கிடைத்த இன்னொரு கல்லின் கண்ணாடிப் பகுதிக்குள் வாயு சிறைப்பட்டிருந்தது. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அளந்த காற்றோடு அது ஒத்துப்போவதை 1983-இல் கண்டார்கள். ஆக்சிஜனில் அதே கோட்டில் விழும் மற்றக் கற்களும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தன. 1865-இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல்லும் அவற்றில் ஒன்று.

நிலவுக் கல்லிடம் இந்த வித்தை பலிக்காது. பூமியும் நிலவும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன. அங்கே மாங்கனீசு கைகொடுக்கிறது. நிலவின் பைராக்சீனில் ஒரு பங்கு மாங்கனீசுக்குச் சுமார் 60 பங்கு இரும்பு. வெஸ்டாவில் 30 பங்கு அளவில்தான். எலக்ட்ரான் கற்றையே இதையும் அளந்து சொல்லிவிடும். கல்லைப் பொடியாக்க வேண்டியதில்லை.